அட்வான்ஸ் போடுவதற்கு முன் ஒரு பஸ் ஏறுங்கள்

கேள்வி: திருநெல்வேலியில் தனி வீடு, சுற்றுச்சுவர் உண்டு. ஏழாம் வகுப்புப் படிக்கும் மகன் ஒரு வருடமாக ராஜபாளையம் நாய் கேட்டு நச்சரிக்கிறான். ஆன்லைனில் பார்த்த ஒருவர் 35 நாள் குட்டி என்று வீடியோ அனுப்பினார். 5,000 ரூபாய் அட்வான்ஸ் போட்டால் பஸ்ஸில் ஏற்றிவிடுகிறாராம். ஊர் ராஜபாளையம்தான். நேரில் வருகிறோம் என்றால், “அதெல்லாம் வேண்டாம்மா, நானே அனுப்பிவிடுறேன்” என்கிறார். நம்பலாமா?

பதில்: வேண்டாம், அம்மா. அவர் சொன்ன அந்த ஒரு வரியே போதும். சங்கரன்கோவில் வழியாகப் போனால் இரண்டு மணி நேரம் சொச்சம்தான். இவ்வளவு பக்கத்தில் இருப்பவரை வராதே என்கிறார் என்றால், நீங்கள் பார்க்கக் கூடாத ஏதோ அங்கே இருக்கிறது. இல்லையென்றால் குட்டியே இல்லை.

அப்புறம் அந்த 35 நாள். 2017-இல் வந்த மத்திய அரசு விதிகளின்படி எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது. வளர்ப்பவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். ஒரு பெட்டை ஆயுளில் ஐந்து ஈத்துக்கு மேல் போடக் கூடாது. பதிவு எண் என்ன, இது எத்தனையாவது ஈத்து என்று கேட்டுப் பாருங்கள். பதில் வரும் தினுசிலேயே ஆள் தெரிந்துவிடும். எட்டு வாரம் என்பது வெறும் சட்டக் கணக்கும் இல்லை. கூடப் பிறந்ததை அழுத்திக் கடித்தால் அது வீலென்று கத்தும், விளையாட்டு நின்றுபோகும். எவ்வளவு கடிக்கலாம் என்று குட்டி அப்படித்தான் கற்றுக்கொள்கிறது. அதற்கு முன்பே பிரித்துக் கொண்டுவந்தால் உங்கள் மகன் கைதான் பள்ளிக்கூடம்.

நேரில் வரச் சொல்லும் ஒருவரிடம் போனால் முதலில் தாயைப் பாருங்கள். பால் கொடுக்கும் வேட்டை நாய்க்கு விலா தெரியத்தான் செய்யும், அதைக் குறையாக எண்ண வேண்டாம். குரைப்பதும் குறை இல்லை. அந்நியரைக் கண்டால் இந்த இனம் குரைக்காமல் இருந்தால்தான் யோசிக்க வேண்டும். சொந்தக்காரர் கை பட்டதும் அடங்குகிறதா, தோலில் சொறி இருக்கிறதா, படுக்கும் இடம் நாறுகிறதா என்று கவனியுங்கள். தாய் “தோட்டத்தில் இருக்கு” என்றால் தோட்டத்துக்கே போவோம் என்று சொல்லுங்கள்.

குட்டியில் நான் அடித்துச் சொல்வது காது. தூய வெள்ளை நாய்களில் பிறவிச் செவிடு வருவதுண்டு, ராஜபாளையத்திலும் உண்டு. பல வருடம் முன்பு எனக்கே ஒன்று வந்து சேர்ந்தது. ரோஸ் மூக்கு, அப்படி ஒரு அழகு. ஒரு நாள் அடுக்களையில் எவர்சில்வர் தாம்பாளம் கை தவறி விழுந்தது. பக்கத்து வீட்டு அம்மா எட்டிப் பார்த்தார், பக்கத்தில் படுத்திருந்த குட்டி அசையவில்லை. கொடுத்தவரைக் கேட்டால், “நல்லாத் தூங்குற குட்டிங்க” என்றார். ஆகவே குட்டியை மற்றவற்றிடமிருந்து பிரித்துத் தனி அறையில் விடுங்கள். கூட்டத்தில் இருந்தால் மற்றது திரும்புவதைப் பார்த்து இதுவும் திரும்பிவிடும். அது பார்க்காதபோது பின்னால் நின்று டம்ளரில் சாவியால் தட்டுங்கள். ஒரு காது மட்டும் கேட்காத குட்டி இதில் தப்பிவிடும், அது வேறு விஷயம்.

மற்றபடி, மூலையில் ஒண்டும் குட்டியும் வேண்டாம், எல்லாவற்றையும் மிதித்துக்கொண்டு வருவதும் வேண்டாம். வயிறு மட்டும் பானை மாதிரி இருந்தால் பூச்சி. தடுப்பூசி அட்டையில் மருத்துவர் கையெழுத்து இருக்கட்டும். கென்னல் கிளப் ஆஃப் இந்தியா பதிவுத்தாள் இருந்தால் நல்லது, ஆனால் அது வம்சத்துக்குத்தான் சாட்சி.

நல்ல ஆளாக இருந்தால் உங்களையும் குடைவார். சுவர் எத்தனை அடி, பகலில் வீட்டில் யார், தினம் யார் ஓடவிடுவது என்றெல்லாம் கேட்பார். கோபப்படாதீர்கள். வேட்டைக்கு வளர்த்த இனம், உங்கள் பையன் பத்தாம் வகுப்பு டியூஷனுக்குப் போனாலும் அதற்குக் காலையும் மாலையும் ஓட்டம் வேண்டும்.

பிடித்திருந்தால் எட்டு வாரம் முடியும் தேதிக்குச் சொல்லிவிட்டு வாருங்கள். கொண்டுவந்த இரண்டு நாளுக்குள் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். ஊசிகள் முடியும்வரை தெருவில் இறக்காதீர்கள். பார்வோ என்ற வைரஸ் நோய் வந்தால் ரத்தக் கழிச்சல் கண்டு இரண்டு மூன்று நாளில் குட்டியின் உயிரே போய்விடலாம்.

இன்னொன்று. முதல் தடவை மகனைக் கூட்டிப் போகாதீர்கள். குட்டி அவன் மடியில் ஏறிவிட்டால் நான் எழுதிய ஒன்றும் உங்களுக்கு ஞாபகம் இருக்காது.