ஆப்பிரிக்க எருமை வேட்டைக்கு எந்த ஸ்கோப் வாங்கலாம்?
தான்சானியாவிலோ ஜிம்பாப்வேயிலோ உரிமம் பெற்று எருமை வேட்டைக்குப் போகிறவருக்கு 12 மடங்கு பெரிதாக்கும் ஸ்கோப் (துப்பாக்கிமேல் பொருத்திக் குறிபார்க்கும் தொலைநோக்கி) தேவையே இல்லை. புதர்க்காட்டில் பெரும்பாலும் 100 மீட்டருக்குள்தான் சுடுவார்கள். 1 முதல் 4 அல்லது 6 மடங்கு வரை போதும். பாய்ந்து வரும் எருமையை அதிக உருப்பெருக்கத்தில் பார்த்தால் கறுப்புத் தோல் மட்டுமே தெரியும், எங்கே குறிவைப்பது? 1 மடங்கில் இரு கண்களையும் திறந்தே குறிபார்க்கலாம்.

அதைவிட முக்கியமாக நான் பார்ப்பது, கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் உள்ள இடைவெளி. எருமை வேட்டையில் பலர் பயன்படுத்தும், 1912இல் வந்த .375 ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் தோட்டா நன்றாகவே பின்னுதைக்கும். இடைவெளி 9 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் ஸ்கோப்பின் விளிம்பு புருவத்தைக் கிழித்துவிடலாம்.

கையாலேயே சட்டென்று கழற்றும் மவுண்ட் (ஸ்கோப்பைத் துப்பாக்கியோடு பிணைக்கும் பிடிப்பான்) கட்டாயம் வேண்டும். காயம்பட்ட எருமையை அடர்ந்த புதருக்குள் தேடும்போது பலர் ஸ்கோப்பைக் கழற்றிவிட்டு, துப்பாக்கியின் இரும்புக் குறிமுனையையே நம்புகிறார்கள்.