வகுப்பறைக்கு ஏர் பியூரிஃபையர்: '500 சதுர அடி'யை நம்பி வாங்கலாமா?

கேள்வி: சென்னையில் மெயின் ரோட்டை ஒட்டிய பள்ளியில் மகள் யு.கே.ஜி. படிக்கிறாள். பெற்றோர்கள் பணம் போட்டு வகுப்புக்கு ஒரு ஏர் பியூரிஃபையர் வாங்கித் தர நினைக்கிறோம். '500 சதுர அடிக்கு ஒன்றே போதும்' என்கிறார் கடைக்காரர். வகுப்பறை 24க்கு 20 அடி, உயரம் 10 அடி. ஏ.சி. கிடையாது, ஃபேன்தான். எந்த மாடல் நல்லது?

பதில்: தயவுசெய்து இப்போதைக்கு எதையும் வாங்க வேண்டாம். ஏ.சி. இல்லாத அறையில் ஜன்னலை மூட முடியாது. ஜன்னல் திறந்திருந்தால், மெஷின் சுத்தம் செய்யச் செய்ய ரோட்டுப் புகை உள்ளே வந்துகொண்டே இருக்கும். பணமும் போய், 'மெஷின்தான் இருக்கிறதே' என்று எல்லோரும் அசந்துவிடுவது இன்னும் மோசம்.

சதுர அடியில் கூரை உயரம் வராது. பெட்டியில் பார்க்க வேண்டியது சி.ஏ.டி.ஆர். என்ற எண்: மணிக்கு எத்தனை கன மீட்டர் சுத்தமான காற்று தரும் என்பது. உங்கள் அறை 4,800 கன அடி; 35.3ஆல் வகுத்தால் 136 கன மீட்டர். மணிக்கு 5 தடவையாவது அந்தக் காற்று முழுவதும் வடிகட்டப்பட வேண்டும் என்றால் 680 தேவை. வீட்டு உபயோக மெஷின்களில் பெரும்பாலானவை 250 முதல் 400 வரைதான் தரும், அதுவும் முழு வேகத்தில். அந்த இரைச்சலில் பாடம் நடத்த முடியாது. ஆசிரியை ஸ்லீப் மோடில் போட்டுவிடுவார்; கிடைக்கும் காற்று கால்வாசிக்கு இறங்கிவிடும். நடு வேகத்தில் வைத்தே 680 கிடைக்க, 400 திறனுள்ள மெஷின் மூன்று வேண்டும். அதோடு ஃபில்டரை வருடத்துக்கு ஒரு முறையாவது மாற்றும் செலவும் உண்டு.

முதலில் பள்ளி கேட்டைக் கவனியுங்கள். காலையில் வேனும் ஆட்டோவும் கார்களும் இன்ஜினை அணைக்காமல் வரிசையில் நிற்கும் அந்த அரை மணி நேரத்தில், சைலன்சருக்கு மிக அருகில் மூச்சு விடுவது உயரம் குறைந்த குழந்தைகள்தான். பெரியவர்களைவிட அவர்கள் உடல் எடைக்கு அதிகமான காற்றை இழுக்கிறார்கள். நுரையீரலோ இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. 'நின்றால் இன்ஜின் ஆஃப்' என்பதைப் பள்ளி சர்க்குலராக அனுப்பி, செக்யூரிட்டியை வைத்து நடைமுறைப்படுத்தச் சொல்லுங்கள். பள்ளி தொடங்கும், விடும் நேரங்களில் ரோட்டுப் பக்க ஜன்னல்களை மூடி, பின்பக்க ஜன்னல்களைத் திறந்து வைக்கட்டும். வாகனப் புகை ரோட்டிலிருந்து முதல் 100, 150 மீட்டருக்குள் வேகமாகக் குறையும். அதனால் சின்ன வகுப்புகளைக் கட்டடத்தின் பின்பக்கம் மாற்றச் சொல்லிக் கேட்பது எந்த மெஷினையும்விட மேல். துடைப்பத்தால் பெருக்குவதற்குப் பதில் ஈரத்துணியால் துடைக்கட்டும்.

ஏ.சி. வகுப்பு என்றால் கதை வேறு. ஸ்பிளிட் ஏ.சி. அறைக்குள் இருக்கும் காற்றையே சுற்றிவிடும். அதன் வலை நுண்துகளைப் பிடிக்காது. அங்கே மேலே சொன்ன கணக்கில் எச்13 தர ஹெப்பா (நுண்துகளைப் பிடிக்கும்) ஃபில்டர் உள்ள மெஷின் வாங்கலாம். காற்றில் மின்னூட்டம் ஏற்றும் அயனைசர் வேண்டாம், சில மாடல்களில் ஓசோன் வரும், அது நுரையீரலை உறுத்தும். ஹெப்பா கார்பன் டை ஆக்சைடையும் எடுக்காது. 35 குழந்தைகள் உள்ள மூடிய அறையில் ஒரு மணி நேரத்திலேயே அது 2,000 பி.பி.எம்.-ஐ (பத்து லட்சத்தில் 2,000 பங்கு) தாண்டலாம், வெளியே சுமார் 420தான். ஒவ்வொரு பீரியட் முடிவிலும் சில நிமிடம் கதவு, ஜன்னலைத் திறக்க வேண்டும்.

மெஷின் வந்ததும் பின்மூடியைக் கழற்றிப் பாருங்கள். பல மாடல்களில் ஃபில்டர் பாலிதீன் உறைக்குள் இருக்கும். உறையைப் பிரிக்காமலே மாதக்கணக்கில் ஓட்டுகிறவர்கள் உண்டு.

கேள்வி: நான் வாங்கிய காற்று மாசு மீட்டர் 55 காட்டுகிறது, மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 'சமீர்' செயலி 92, இன்னொரு செயலி 149. எது பொய்?

பதில்: மூன்றுமே உண்மையாக இருக்கலாம். மீட்டர் காட்டுவது ஒரு கன மீட்டர் காற்றில் எத்தனை மைக்ரோகிராம் பி.எம். 2.5 (மிக நுண்ணிய துகள்) என்பதை. அதே 55 மைக்ரோகிராம் இந்தியக் காற்றுத் தரக் குறியீட்டில் ஏறக்குறைய 92, அமெரிக்கக் குறியீட்டில் 149. வாங்கும்போது 'மைக்ரோகிராம் காட்டுமா?' என்று கேளுங்கள். சமீரில் 100 வரை 'திருப்தி'தான். ஆனால் 100 என்றால் 60 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் 24 மணி நேர சராசரிக்குச் சொன்ன அளவு 15.

மார்கழிப் பனியில் மலிவு லேசர் சென்சார்கள் கூடுதலாகக் காட்டும். ஈரத்தில் ஊதிய துகளைப் பெரிதாகக் கணக்கிடுவதே காரணம். அதனால் ஒப்பிடுவதற்கு மட்டும் பயன்படுத்துங்கள்: ஒரே மீட்டரை கேட்டில் 10 நிமிடம், பின்பக்க வகுப்பில் 10 நிமிடம் வையுங்கள். அந்த வித்தியாசத்தைத் தலைமை ஆசிரியரிடம் காட்டலாம். கார்பன் டை ஆக்சைடு மீட்டர் வாங்கினால் 'என்.டி.ஐ.ஆர்.' (அகச்சிவப்பு ஒளியால் அளக்கும்) சென்சார் இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாத மலிவு மீட்டர்கள் வேறு வாயுக்களை வைத்து உத்தேசமாக ஓர் எண்ணைக் காட்டும்.

கேள்வி: 6 வயது மகன் ஆட்டோவில் போகிறான். என்ன மாஸ்க் வாங்குவது? கழுத்தில் மாட்டும் பியூரிஃபையர் பலன் தருமா?

பதில்: கழுத்தில் மாட்டுவதை வாங்காதீர்கள். ஓடும் ஆட்டோவின் காற்றில் அதனால் ஒன்றும் செய்ய முடியாது.

என்95, எஃப்.எஃப்.பி.2 எல்லாம் பெரியவர்கள் முகத்துக்கு அளவெடுத்தவை. துணி, சர்ஜிக்கல் மாஸ்க்குகளில் ஓரம் வழியே காற்று நுழையும். சிறுவர் அளவில், மூக்குக் கம்பி உள்ளதாகப் பாருங்கள். போட்டு ஊதச் சொல்லி, ஓரத்தில் உங்கள் விரலை வையுங்கள்: காற்று பட்டால் அளவு சரியில்லை. பயணத்துக்கு மட்டும் போதும், விளையாடும்போது வேண்டாம். வியர்வையில் நனைந்தால் மாற்றிவிடுங்கள். ஆஸ்துமா இருந்தால் மருத்துவரைக் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

கேள்வி: பியூரிஃபையர் வாங்கிய பத்தே நாளில் ஓடவில்லை. 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று பில்லில் இருப்பதைக் காட்டுகிறார் கடைக்காரர்.

பதில்: பழுதான பொருளுக்கு அந்த வரி செல்லாது. திரும்பத் தரும் கெடு பில்லில் குறிக்கப்படவில்லை என்றால், 30 நாளுக்குள் பழுதான பொருளைத் திரும்ப வாங்கிப் பணம் தர மறுப்பது, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிக நடைமுறை. இன்றே கடைக்கு எழுத்தில் புகார் கொடுங்கள், நகலில் தேதியுடன் கையெழுத்து வாங்குங்கள், அதன் பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழையுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக 2 வருடம் அவகாசம் உண்டு; பொருளுக்குக் கொடுத்த விலை ரூ.5 லட்சம் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை. பில்லையும் பெட்டியையும் அதுவரை பத்திரப்படுத்துங்கள்.