ஆஃபர் லெட்டரே வரல, அதுக்குள்ள வெரிஃபிகேஷனுக்கு பணமா?

கேள்வி: மூணு ரவுண்ட் இன்டர்வியூ முடிஞ்சுது. செலக்ட் ஆகிட்டீங்கன்னு வாயால சொன்னாங்க, ஆஃபர் லெட்டர் இன்னும் தரல. இப்போ பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷனுக்கு பணம் கட்டுங்க, ஜாயின் பண்ணா திருப்பித் தருவோம்னு எச்ஆர் மெயில் அனுப்பியிருக்காங்க. இப்படி கேக்கலாமா சார்? கட்டலன்னா வேலை போயிடுமோன்னு பயமா இருக்கு.

பதில்: கேக்கக் கூடாது. இதை முதல்லயே சொல்லிடுறேன், ஏன்னா நீங்க பயத்துல இருக்கீங்க, பயத்துல இருக்குறப்போதான் பணம் கைய விட்டுப் போகும்.

உங்க டிகிரி நெஜமா, பழைய கம்பெனில இருந்ததா சொன்ன தேதி சரியா, உங்க மேல கேஸ் ஏதும் இருக்கான்னு பாக்குறது யாருக்காக? தப்பான ஆளை எடுத்துடக் கூடாதுன்னு கம்பெனி தன்னைக் காப்பாத்திக்கத்தான் செய்யுது, ரிப்போர்ட்டும் அவங்க ஃபைலுக்குத்தான் போகுது, பல இடத்துல அதை உங்க கண்ணுலயே காட்ட மாட்டாங்க. டிரைவிங் லைசென்ஸ்னா உங்க கூடவே வரும், எந்த வேலைக்குப் போனாலும் செல்லும், அதுக்கு நாம செலவு பண்றதுல நியாயம் இருக்கு. இது அப்படி இல்ல, அடுத்த கம்பெனிக்குப் போனா அவங்க திரும்ப மொதல்லேர்ந்து பாப்பாங்க.

இன்னொன்னு இருக்கு, யாரும் இதைப் பேசறதில்ல. கம்பெனி தன் காசுல செக் பண்ணா, எடுக்கறதா முடிவு பண்ண ஒரே ஆளைத்தான் பண்ணும், செலவு ஆகுதுல்ல. காசு கேண்டிடேட்டோடதுன்னா இருவது பேரையும் வரிசைல நிக்க வெச்சு செக் பண்ணலாம், எடுக்கப் போறது ஒருத்தரை, மீதி பத்தொம்பது பேரும் கிடைக்காத வேலைக்கு பணம் கட்டினவங்க. அதுவும் சம்பளமே இல்லாம கடன் வாங்கி கட்டுறவங்க. நெனச்சாலே ஆத்திரமா வருது.

சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். சர்வதேச தொழிலாளர் அமைப்போட 181-வது உடன்படிக்கை, 1997-ல வந்தது, தனியார் வேலைவாய்ப்பு ஏஜென்சிங்க தொழிலாளிகிட்ட நேராவோ சுத்தி வளைச்சோ கட்டணம் வாங்கக் கூடாதுன்னு சொல்லுது, விதிவிலக்கு ரொம்பக் கொஞ்சம். 2019-ல அதே அமைப்போட ஆட்சிக்குழு ஒப்புக்கிட்ட வரையறை இன்னும் தெளிவு, ஆள் எடுக்குற செலவுன்னு போட்ட பட்டியல்ல மெடிக்கல் டெஸ்ட், ஸ்கில் டெஸ்ட்டோட பின்னணி சோதனையும் இருக்கு, இதெல்லாம் தொழிலாளி தலையில கட்டக் கூடாதுங்கறதுதான் கொள்கை. ஆனா அது வழிகாட்டுதல், எல்லா இடத்துலயும் சட்டம் ஆகிடல. அமெரிக்காவுல மினசோட்டா மாநிலம் இந்தச் செலவை விண்ணப்பிக்கிறவர்கிட்ட வாங்கக் கூடாதுன்னு சட்டமே வெச்சிருக்கு. உங்க ஊர் தொழிலாளர் அலுவலகத்துல ஒரு வார்த்தை கேட்டுக்குங்க.

உங்க மெயில்ல என்னை உறுத்துறது, அந்த 'ஜாயின் பண்ணா திருப்பித் தருவோம்'. வேலை வாங்கித் தர்றேன்னு ஏமாத்துறவன் பேசுற பேச்சும் இதேதான், முதல்ல வெரிஃபிகேஷன், அப்புறம் யூனிஃபார்ம், அப்புறம் லேப்டாப் டெபாசிட், எல்லாமே ரீஃபண்ட் ஆகும்னு. நல்ல கம்பெனியே இப்படி கேட்டா எது நெஜம் எது ஃபிராடுன்னு புள்ளைங்க எப்படி பிரிச்சுப் பாக்கும்? மெயில் ஐடிய எழுத்து எழுத்தா பாருங்க. மெயில்ல இருக்குற நம்பருக்கு வேணாம், கம்பெனி வெப்சைட்ல இருக்குற நம்பருக்கு நீங்களே கூப்பிட்டுக் கேளுங்க. அக்கவுண்ட் தனி ஆள் பேர்ல இருந்தா அத்தோட விட்டுடுங்க.

கம்பெனி நெஜம்தான்னு தெரிஞ்சா இப்படி எழுதுங்க: "செக் பண்றதுக்கு எனக்கு முழு சம்மதம், சம்மதக் கடிதத்துல இன்னைக்கே கையெழுத்து போட்டுத் தர்றேன், செலவை நிறுவனமே ஏத்துக்கணும்னு கேட்டுக்கறேன்." மறைக்க உங்ககிட்ட ஒண்ணுமில்லன்னு அதுலயே தெரிஞ்சிடும், எச்ஆர்ல இருக்குறவருக்கும் மேலிடத்துல காட்ட ஒரு எழுத்து கிடைக்கும்.

அப்பவும் பிடிவாதம் பிடிச்சு, குடும்ப நிலைமைக்காக நீங்க கட்டித்தான் ஆகணும்னா நான் குறை சொல்ல மாட்டேன். ஆனா ஆஃபர் லெட்டர் கைக்கு வந்தப்புறம், கம்பெனி பேர்ல ரசீதோட, திருப்பித் தர்ற தேதி எழுத்துல இருந்தா மட்டும். ரிப்போர்ட் காப்பியும் கேட்டு வாங்குங்க, உங்க பேரே இருக்குற வேற யாரோட கேஸையாவது உங்க கணக்குல ஏத்தியிருந்தா நீங்க பாத்தாத்தான் தெரியும்.