பூக்காத லைலாக்கும் புரட்டாதிக் கத்தரிக்கோலும்

கேள்வி: ரொறன்ரோவின் ஸ்காபரோவில் எங்கள் பின்வளவில் ஊதா லைலாக் நட்டு ஆறு ஆண்டுகளாகின்றன. அயல் வீட்டுச் செடியின் வாசனை மே மாதத்தில் எங்கள் சமையலறை வரை வருகிறது. எங்களுடையது இலையாகவே தழைக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் பனி கொட்டுமுன் ஒழுங்காக வெட்டி, புல்தரைப் பசளையும் போடுகிறேன். கடைக்காரர் பூக்கத் தூண்டும் பசளை ஒன்றைச் சொல்கிறார். எவ்வளவு போடலாம், ஐயா?

பதில்: அந்தப் பசளையை வாங்க வேண்டாம். எப்போது வெட்டுவது என்பதையே நீங்கள் முதலில் கேட்டிருக்க வேண்டும். லைலாக், அடுத்த மே மாதத்துக்கான மொட்டுகளை இந்தக் கோடையிலேயே கிளை நுனிகளில் கட்டிவிடுகிறது. இன்றே ஒரு நுனியைப் பாருங்கள்: தடித்த இரு மொட்டுகள் அருகருகே இருந்தால், ஒன்றைக் கூரிய கத்தியால் நெடுக்காகப் பிளந்து பாருங்கள், கடுகிலும் சிறிய பச்சை மணிகள் கொத்தாகத் தெரியும். புரட்டாதியில் நீங்கள் வெட்டி எறிவது அந்தப் பூங்கொத்தைத்தான். நைதரசன் மிகுந்த புல்தரைப் பசளையோ இலையை மட்டுமே வளர்க்கும்.

அதைவிட எனக்குக் கவலை தருவது உங்கள் கன்றின் வேர். விரைவாக விற்பதற்காக லைலாக்கைப் பிரிவெட் என்ற வேலிப் புதரின் வேரில் ஒட்டி, அதைச் சொல்லாமல் விற்பவர்கள் இருக்கிறார்கள்; இதை நான் ஏமாற்று என்றே சொல்வேன். அந்த ஒட்டு நெடுங்காலம் நிலைப்பதில்லை. அடியிலிருந்து எழும் துளிரைப் பாருங்கள்: லைலாக்கின் இலை இதய வடிவானது, பிரிவெட்டின் இலை சிறியது, நீள்வட்டமானது. பிரிவெட் துளிர் என்றால் அடியோடு பிடுங்கிவிடுங்கள். இனி வாங்குவதாயின் சொந்த வேரில் வளர்ந்த கன்றா என்று கேட்டு வாங்குங்கள். அதன் அடித்துளிர்கள் தாய்ச்செடியின் இனமாகவே இருக்கும், பிரித்து உறவினருக்கும் கொடுக்கலாம். வாசனையே முதன்மை என்றால், 1890இல் பிரான்சில் வெளிவந்த வெள்ளை அடுக்குப்பூ இனமான ‘மடாம் லெமுவான்’ எனக்கு மிகவும் பிடித்தது. 1920களில் ஒட்டாவாவில் இசபெல்லா பிரெஸ்ரன் உருவாக்கிய கலப்பினங்கள் கடுங்குளிரைத் தாங்கி, சற்றுப் பிந்திப் பூக்கும். ஆனால் அவற்றின் வாசனை வேறு.

சுண்ணாம்பும் வேண்டாம், தெற்கு ஒன்ராறியோ மண்ணில் அது பெரும்பாலும் போதிய அளவு உண்டு. நாளொன்றுக்கு ஆறு மணி நேர வெயில் விழுகிறதா என்று மட்டும் பாருங்கள். இந்த ஆண்டு கத்தரிக்கோலைத் தொடாதீர்கள். மே மாதத்தில் பூத்தால், பூ வாடிய சில நாட்களுக்குள் வாடிய கொத்துகளை நீக்கி, மிக முதிர்ந்த தண்டுகளில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் தரையோடு வெட்டுங்கள்.