பத்மினியைப் பற்றி: நிறத்தை விடுங்கள், பிரேக்கைப் பாருங்கள்
தம்பி, அப்பாவின் பழைய பிரீமியர் பத்மினி காரில் மாருதி எஸ்டீம் காரின் இன்ஜினை வைத்து, நிறம் மாற்றி, உயரம் குறைத்து, அகல டயர் போட்டதற்குச் சேலத்துக் கார் பிரியர்கள் "வண்டியையே கெடுத்துட்டீங்க" என்று திட்டியதாக எழுதியிருந்தீர்கள். நிறத்துக்கும் டயருக்கும் திட்டுபவர்களை விடுங்கள். ஷெட்டில் துருப்பிடிப்பதைவிட ஓடுகிற பத்மினி எவ்வளவோ மேல்.

ஆனால் அவர்களில் பிரேக்கைப் பற்றிக் கேட்டவர் சொன்னதைக் காதில் வாங்குங்கள். இன்ஜின் வலுவாகிவிட்டது, ஆனால் பழைய 1089 சிசி இன்ஜினுக்கு வந்த டிரம் பிரேக்தான் இன்னும் இருக்கிறது. ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் பிரேக் லைனிங் (உராய்ந்து சக்கரத்தை நிறுத்தும் பட்டை) சூடேறிக் கருகல் வாடை வரும், அப்புறம் எவ்வளவு அழுத்தினாலும் பிடிக்காது. முன்சக்கரத்துக்குச் சீக்கிரம் சூடாறும் டிஸ்க் பிரேக் போடும்வரை மலை வேண்டாம்.

இன்ஜின் மாற்றத்தை ஆர்டிஓவில் சொல்லி ஆர்சியில் (வண்டியின் பதிவுச் சான்றில்) ஏற்றியாச்சா? இல்லையென்றால் விபத்து நேரத்தில் இன்சூரன்ஸ்காரர்கள் கைவிரித்துவிடலாம். பழைய இன்ஜினை மட்டும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.