நுகர்வோர் கேள்வி-பதில்: சார்ஜ் ஏறுகிறது, கணினியில் போன் தெரியவில்லை

ஆண்ட்ராய்டு போன் கணினியுடன் இணைய மறுப்பதைப் பற்றி வந்த கடிதங்களைச் சுருக்கி, இந்த முறை ஒன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: கணவர் காலமாகி எட்டு மாதங்கள் ஆகின்றன. அவருடைய கடைசிப் படங்கள் என் போனில்தான் இருக்கின்றன. மகனின் லேப்டாப்பில் செருகினால் சார்ஜ் மட்டுமே ஏறுகிறது. பழுது பார்க்கும் கடையில் "சார்ஜிங் போர்டு போய்விட்டது" என்று சொல்லி, புதியது மாற்றியதாக 2,400 ரூபாய் வாங்கினார்கள். இப்போதும் படங்கள் வரவில்லை. ரசீது கேட்டால் தர மறுக்கிறார்கள்.
– ஓய்வு பெற்ற ஆசிரியை, கும்பகோணம்

பதில்: அம்மா, போன் இயங்குகிறது, படங்களைத் திரையில் பார்க்க முடிகிறது என்றால் அவை பத்திரமாகவே இருக்கின்றன, முதலில் அந்தக் கவலையை விடுங்கள். 2015இல் வந்த ஆண்ட்ராய்டு 6 முதல், கணினியில் செருகியவுடன் போன் சார்ஜ் மட்டுமே ஏற்றிக்கொள்ளும். நீங்கள் அனுமதி கொடுத்தால்தான் கோப்புகளைக் காட்டும். பிறருடைய கணினி உங்கள் போனைத் தானாகப் படித்துவிடக் கூடாது என்பதற்கான பாதுகாப்பு அது. எனவே போனைச் செருகி, பூட்டைத் திறந்து, திரையின் மேலிருந்து கீழே இழுத்தால் வரும் அறிவிப்புகளில் யூஎஸ்பி வழியாகச் சார்ஜ் ஆகிறது என்னும் வரியைத் தொட்டு, அங்கே 'ஃபைல் டிரான்ஸ்ஃபர்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். பூட்டிய நிலையில் இருந்தால் லேப்டாப்பில் வெறும் கோப்புறைதான் தெரியும். அதன் பிறகும் வரவில்லையென்றால் வேறொரு கேபிளையும், லேப்டாப்பின் வேறொரு துளையையும் முயன்று பாருங்கள்.

இனி பணத்தைப் பற்றி. போனில் இந்த அனுமதியையும், கேபிளையும் பார்க்காமல் ஒரு போர்டை மாற்றியதாகச் சொல்லிப் பணம் வாங்கியது தவறு. ரசீது தராமல் இருப்பது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி நியாயமற்ற வணிக நடைமுறை. கழற்றிய பழைய போர்டைத் தரும்படியும், ரசீது தரும்படியும் எழுத்தில் கேளுங்கள். கடிதத்தின் நகலை வைத்துக்கொள்ளுங்கள். யூபிஐ மூலம் கொடுத்திருந்தால் அந்தப் பதிவே சான்று. பதில் வராவிட்டால் 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். அதிலும் தீரவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் மனு செய்யலாம்; செலுத்திய தொகை ஐந்து லட்சம் ரூபாய்க்குள் இருப்பதால் கட்டணம் கிடையாது, வழக்கறிஞரும் கட்டாயமில்லை. 2,400 ரூபாய்தானே என்று விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: 99 ரூபாய்க்கு வாங்கிய கேபிளில் சார்ஜ் நன்றாகவே ஏறுகிறது, ஆனால் கணினி போனைக் கண்டுகொள்வதே இல்லை. பழுது போனிலா, கேபிளிலா?
– வாசகர், திருப்பூர்

பதில்: கேபிளில்தான் இருக்க வேண்டும், அதைப் பழுது என்றுகூடச் சொல்ல முடியாது, அது அப்படியே செய்யப்பட்டது. சாதாரண யூஎஸ்பி கேபிளுக்குள் நான்கு கம்பிகள் இருக்க வேண்டும்: மின்சாரத்துக்குச் சிவப்பும் கறுப்பும், தகவலுக்குப் பச்சையும் வெள்ளையும். செலவைக் குறைக்கப் பின்னிரண்டையும் விட்டுவிட்டால் சார்ஜ் ஏறும், வேறெதுவும் நடக்காது.

மூன்று ஆண்டுகளுக்கு முன் பேருந்து நிலையம் அருகே ஒரு கடையில் மூன்று கேபிள்கள் கொண்ட கட்டு ஒன்றை 250 ரூபாய்க்கு வாங்கினேன். போன் இணையாததால், போனில்தான் கோளாறு என்று நம்பி, சேவை மையத்துக்கு எடுத்துச் சென்று 350 ரூபாய் பரிசோதனைக் கட்டணமும் செலுத்தினேன். அங்கிருந்த இளைஞர் தம் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு கேபிளை எடுத்துச் செருகினார். மறுகணமே கோப்புறை திறந்தது. வீட்டுக்கு வந்து என் கேபிள் ஒன்றின் உறையைப் பிளேடால் நீளமாகக் கீறிப் பார்த்தேன். உள்ளே முடி போன்ற சிவப்புக் கம்பி ஒன்று, கறுப்புக் கம்பி ஒன்று. தடிமன் காட்டுவதற்காக அவற்றைச் சுற்றி வெள்ளை நூலைத் திணித்திருந்தார்கள். மற்ற இரண்டையும் கீறினேன். அவையும் அப்படியே இருந்தன.

சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிளை விற்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ரயில் நிலையம் போன்ற பொது இடங்களில் சார்ஜ் ஏற்றும்போது தகவல் திருட்டுக்கு அஞ்சுவோர் அதைத் தேடியே வாங்குகிறார்கள். அதைச் சொல்லாமல் விற்பதுதான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியாதது. உறையின் மேல் 'வேகமான சார்ஜிங்' என்று பெரிய எழுத்தில் அச்சிடுகிறவர்களுக்கு, 'இதில் தகவல் போகாது' என்று ஒரு வரி அச்சிட இடமில்லையா? பொருளின் தரத்தையும் தன்மையையும் அறிந்துகொள்வது வாங்குபவரின் உரிமை என்று 2019ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. அந்த ஒரு வரி இல்லாததால், நல்ல போன்களைத் தூக்கிக்கொண்டு எத்தனையோ பேர் பழுதுகடை ஏறி இறங்குகிறார்கள். கும்பகோணத்து அம்மாவின் 2,400 ரூபாய்க்குப் பின்னாலும் இப்படியொரு கேபிள் இருக்கக்கூடும்.

ஆகவே கடையில் "டேட்டா போகுமா?" என்று கேளுங்கள், முடிந்தால் அங்கேயே ஒரு கணினியில் செருகிக் காட்டச் சொல்லுங்கள், ரசீதில் 'டேட்டா கேபிள்' என்று எழுதி வாங்குங்கள். அப்படி எழுதி வாங்கிய பிறகும் வேலை செய்யவில்லையென்றால் அது குறைபாடுள்ள பொருள். ரசீதில் குறித்த காலத்துக்குள், காலம் குறிக்கப்படாவிட்டால் 30 நாட்களுக்குள், அதைத் திரும்பப் பெற்றுப் பணத்தைத் தர மறுப்பதும் நியாயமற்ற வணிக நடைமுறைதான்.

கேள்வி: நடைபாதையில் 50 ரூபாய் கேபிள் மூன்று முறை வாங்கினேன். மூன்றும் ஒரு மாதம்கூட வரவில்லை. ரசீது இல்லை. யார் மீது புகார் செய்வது?
– வாசகர், மதுரை

பதில்: ரசீதோ வேறு சான்றோ இல்லாமல் புகாரை நிரூபிப்பது கடினம். இரண்டாவதை வாங்கும்போதாவது ரசீது தரும் கடைக்குப் போயிருக்க வேண்டும்.

கேள்வி: போன் இணையவில்லை என்று இணையத்தில் தேடியபோது ஓர் உதவி எண் கிடைத்தது. அழைத்தேன். "டிரைவர் கெட்டுவிட்டது" என்று சொல்லி, ஒரு செயலியை நிறுவ வைத்து, கட்டணமாக 1,999 ரூபாய் வாங்கினார்கள். மறுநாள் காலை என் கணக்கில் 18,000 ரூபாயைக் காணவில்லை.
– வாசகி, சேலம்

பதில்: இதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே 1930 என்னும் எண்ணை அழையுங்கள், தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் பதிவு செய்யுங்கள். உடனே வங்கிக்கும் சொல்லிப் புகார் எண்ணை வாங்குங்கள். நீங்கள் புகார் தெரிவித்த பிறகு நடக்கும் இழப்பை வங்கியே ஏற்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் 2017ஆம் ஆண்டு அறிவுறுத்தல்; ஆகவே ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். அவர்கள் நிறுவ வைத்த செயலியை நீக்கிவிட்டு, வங்கிக் கடவுச்சொற்களை வேறொரு கருவியிலிருந்து மாற்றுங்கள். உங்களை நான் குறை சொல்ல மாட்டேன். தொழில் தெரிந்தவர்போல் பேசுபவரை நம்புவது இயல்பு, குற்றம் ஏமாற்றியவருடையது.

அவர்கள் விற்ற டிரைவர், அதாவது கணினி போனை அடையாளம் காண உதவும் மென்பொருள், விண்டோஸிலேயே இலவசமாக இருக்கிறது. 'டிவைஸ் மேனேஜர்' பட்டியலில் போனின் பெயருக்கு அருகே மஞ்சள் எச்சரிக்கைக் குறி இருந்தால், அதை வலச் சொடுக்கி நீக்கிவிட்டுப் போனைக் கழற்றி மீண்டும் செருகுங்கள். பெரும்பாலும் விண்டோஸ் தானாகவே டிரைவரை நிறுவிக்கொள்ளும்.

கேள்வி: எதைச் செய்தும் இணையாததால் போனை ஃபேக்டரி ரீசெட் செய்தேன். இப்போதும் இணையவில்லை, படங்களும் போய்விட்டன. மீட்க முடியுமா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: கூகுள் போட்டோஸ் போன்ற எதிலாவது முன்பே சேமித்திருந்தால் உண்டு, இல்லையென்றால் முடியாது. இன்றைய போன்கள் தகவலை மறையாக்கம் செய்தே, அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றியே, வைக்கின்றன. ரீசெட் செய்யும்போது அதன் சாவியும் அழிந்துவிடுகிறது. மீட்டுத் தருவதாகச் சொல்பவருக்குப் பணம் கொடுக்க வேண்டாம். அழிப்பதற்கு முன் போனே எச்சரித்துக் கேட்டிருக்கும். அதைப் படிக்காமல் 'சரி' என்று தொட்டதற்கு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள்.

கேள்வி: புதிய மேக்புக்கில் என் ஆண்ட்ராய்டு போன் தெரியவில்லை. குறைபாடு என்று திருப்பித் தரலாமா?
– வாசகி, சென்னை

பதில்: தர முடியாது. ஆண்ட்ராய்டு போன்கள் கோப்புகளை அனுப்பும் எம்டிபி முறையை மேக் இயல்பாகப் படிப்பதில்லை. ஓப்பன்எம்டிபி என்னும் இலவசச் செயலியை நிறுவினால் வேலை நடக்கும்.

கேள்வி: செருகிய கேபிள் ஆடுகிறது, சில கோணங்களில்தான் சார்ஜ் ஏறுகிறது. இணைப்புத் துளையை மாற்ற 1,200 ரூபாய் கேட்கிறார்கள்.
– வாசகர், நாகர்கோவில்

பதில்: கொடுப்பதற்கு முன் போனை அணைத்துவிட்டு, டார்ச் வெளிச்சத்தில் துளைக்குள் பாருங்கள். சட்டைப் பையின் பஞ்சு நாளடைவில் உள்ளே போய், கேபிள் முழுவதும் நுழையாதபடி சாம்பல் நிறத்தில் மெத்தைபோல் அமுங்கியிருக்கும். மரத்தாலான பல் குச்சியால், நடுவில் இருக்கும் நாக்கு போன்ற பகுதியைத் தொடாமல், ஓரமாக மெல்லச் சுரண்டி எடுங்கள். ஊசி, பின் போன்ற உலோகம் எதையும் உள்ளே விடாதீர்கள். அதன் பிறகும் ஆடினால் துளையை மாற்றலாம்; ரசீதும், கழற்றிய பழைய பாகமும் தருவதாக ஒப்புக்கொள்ளும் கடையில் மட்டும் கொடுங்கள்.