ஞாயிற்றுக்கிழமைத் தூக்கமும் திங்கட்கிழமைக் களைப்பும்

கேள்வி: எனக்கு 34 வயது, உட்கார்ந்தே பார்க்கும் வேலை. இரவு 10 மணிக்கே படுத்தாலும் தூக்கம் வர 12 ஆகிவிடுகிறது. காலை 6.30-க்கு எழும்போது உடம்பு அடித்துப்போட்டது போல இருக்கிறது. பகலில் நான்கு காபி, கடைசிக் காபி மாலை 5 மணிக்கு. ஞாயிறு மட்டும் 10 மணி வரை தூங்குகிறேன். சத்து மாத்திரை ஏதாவது எடுக்கலாமா?

பதில்: மாத்திரையைப் பற்றி அப்புறம் பேசலாம். உங்கள் கேள்வியில் முதலில் என் கண்ணை உறுத்தியது அந்த ஞாயிற்றுக்கிழமைதான்.

விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே போகும். அது சேரச் சேரத்தான் கண் சொக்கும். காலை 10 மணிக்கு எழுந்தவருக்கு இரவு 10 மணிக்குப் போதுமான தூக்கப் பசி எப்படி வரும்? உடலின் உள்கடிகாரமும் பின்னால் தள்ளிப்போகிறது. திங்கட்கிழமை காலையில் நீங்கள் தூரதேசத்திலிருந்து விமானத்தில் வந்து இறங்கியவர் மாதிரிதான்.

தூக்கத்தை வா என்றால் வராது. எழுவது மட்டும்தான் நம் கையில் இருக்கிறது. அதனால் வாரம் முழுக்க 6.30-க்கே எழுந்துவிடுங்கள், ஞாயிறு சலுகை ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். எழுந்ததும் அரை மணி நேரம் வெளியே நடங்கள். வெளிச்சத்தை அளக்கும் லக்ஸ் கணக்கில், அறை விளக்கின் வெளிச்சம் சில நூறுதான். மேகமூட்டமான நாளில்கூட வெளியே அது ஆயிரக்கணக்கில் இருக்கும். உள்கடிகாரத்தைத் திருத்தி வைப்பது அந்த வெளிச்சம்தான்.

அடுத்து நான் சொல்லப்போவது உங்களுக்கு விசித்திரமாகப் படலாம்: கொஞ்ச நாளைக்கு 11.15-க்கு முன் படுக்காதீர்கள். தினமும் இரண்டு மணி நேரம் புரண்டு புரண்டே, படுக்கை என்றால் விழித்திருக்கும் இடம் என்று மூளை பழகிவிட்டது. படுத்து இருபது நிமிடம் போல ஆகியும் தூக்கம் வரவில்லையா, எழுந்துவிடுங்கள். மங்கலான வெளிச்சத்தில் சுவாரசியமில்லாத எதையாவது படித்துவிட்டு, கண் சொக்கும்போது திரும்பிப் போங்கள். மணி பார்க்க வேண்டாம். படுத்ததும் தூக்கம் வரத் தொடங்கிய பிறகு, படுக்கும் நேரத்தை வாரத்துக்குக் கால் மணி நேரமாக முன்னே நகர்த்தலாம்.

காபி களைப்பைப் போக்குவதில்லை. அடினோசின் உட்கார வேண்டிய இடத்தில் காபியில் உள்ள கஃபீன் போய் உட்கார்ந்துகொள்கிறது. களைப்பு அப்படியே இருக்க, அது நமக்குத் தெரியாமல் போகிறது, அவ்வளவுதான். உடலில் கஃபீன் பாதியாகக் குறையவே சுமார் ஐந்தாறு மணி நேரம் பிடிக்கும். 5 மணிக் காபியில் பாதி, நீங்கள் படுக்கும்போதும் ரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். கடைசிக் காபியை மதியம் 12-க்குள் முடியுங்கள். நான்கை இரண்டாகக் குறைப்பதை நிதானமாகச் செய்யுங்கள், சட்டென்று நிறுத்தினால் தலைவலி வரலாம். மதியத்துக்குப் பிறகு கொஞ்சம் சோர்வது எல்லோருக்கும் இயல்பு. அப்போது பத்து நிமிடம் நடந்தால் போதும்; குட்டித் தூக்கம் உங்களுக்கு இப்போதைக்கு வேண்டாம்.

கைபேசியா? அதன் வெளிச்சத்தைவிட அதில் பார்க்கும் சங்கதிதான் பெரும்பாலும் தூக்கத்தைக் கெடுக்கிறது என்பது என் எண்ணம்.

சரி, மாத்திரை. நான்கு வாரம் இப்படி இருந்தும் களைப்பு போகவில்லையென்றால் மருத்துவரைப் பார்த்து ஹீமோகுளோபின், இரும்புச்சத்து, பி12, தைராய்டு பரிசோதனைகள் தேவையா என்று கேளுங்கள். இல்லாத குறைக்கு மாத்திரை விழுங்கித் தெம்பு வராது. ஆனால் ஒன்றுக்கு மட்டும் நான்கு வாரம் காத்திருக்காதீர்கள். பலத்த குறட்டையும், தூக்கத்தில் மூச்சு நின்று திணறுவதும் இருந்தால் உடனே மருத்துவரிடம் போக வேண்டும். இது உங்களுக்கே தெரியாமல் நடக்கலாம். அதே அறையில் தூங்குபவர் யாராவது இருந்தால் இன்றைக்கே கேட்டுப் பாருங்கள்.